மேற்கு ஜன்னலுக்கு ஒரு பிலிம்

ஜெபசிங் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, பிரமு அவனை இன்னும் ஜன்னல் பக்கமே விடவில்லை. முதலில் காபி. காபிக்குப் பிறகு தட்டில் முறுக்கு. முறுக்கு தீர்ந்ததும் அவன் பெண்டாட்டிக்கு எந்த ஊர், பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள், ஏணியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் மூட்டு வலிக்காதா என்று விசாரணை. ஹாலில் நடக்கும் இந்த உபசாரத்தை உள்ளறைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெயில் பிலிம் ஒட்ட வந்தவனுக்கு எதற்கு விருந்து? வந்தோமா, அளந்தோமா, ஒட்டினோமா என்று போக வேண்டியவன். முன்பென்றால் ஒரு கனைப்பு போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். இப்போது கனைக்கத் தொண்டை இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார். மூளைத் தண்டில் அடைப்பு என்றார்கள். கை போயிற்று, கால் போயிற்று, நாக்கு போயிற்று, விழுங்குவதுகூடப் போய் மூக்கில் குழாய் வந்தது. கண்ணும் காதும் மிச்சம். இமை மூடித் திறக்கும், விழி மேலும் கீழும் போகும், அவ்வளவுதான் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஆவுடையப்பன். "அறிவுக்கு ஒரு குறையும் இல்லம்மா, நாம பேசறது எல்லாம் அவருக்குப் புரியும்" என்று டாக்டர் சொன்னபோது பிரமு "அப்படியா" என்றாள். அந்த ஒரு "அப்படியா"வை அவர் ஏழு மாதமாக மென்றுகொண்டிருக்கிறார். சந்தோஷத்தில் சொன்னாளா, சலிப்பில் சொன்னாளா, இல்லை எதற்கும் சொல்கிற வெறும் அப்படியாவா? முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்தும் அதைத் தரம் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதற்கு முன் வந்ததும் இல்லை.

பிலிம் ஒட்டும் யோசனை மகளுடையது. ஓசூரிலிருந்து வீடியோவில் பேசும்போது சங்கரி பார்த்துவிட்டாள். "என்னம்மா, அப்பா மூஞ்சியில அப்படியே வெயில் அடிக்கு? கர்ட்டன இழுத்து விட வேண்டாமா?" "கர்ட்டன் போட்டா அப்பாவுக்கு வேடிக்க பாக்க முடியாதுல்லா? அவுகளுக்கு அந்த ஒரு பொழுதுபோக்குதான இருக்கு" என்றாள் பிரமு. பொய் இல்லை. ஒரு தடவை கர்ட்டனை மூடிவிட்டுக் கேட்டாள், அவர்தான் வேண்டாம் என்றார். "அப்ப சன் பிலிம் ஒட்டிருங்க. ஆனா அப்பாட்ட கேட்டு, அவங்களுக்குப் பிடிச்சதத்தான் ஒட்டணும். கேக்கணும்மா, என்ன?" கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டது. சங்கரி அதைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், அம்மா மறந்துவிடுவாளோ என்று. அம்மாவின் மூளையைப் பற்றி மகளுக்கும் அப்பாவின் அபிப்பிராயம்தான். அந்த ஜன்னலில் அப்படி என்னதான் தெரிகிறது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனை. வெயில் சாய்கிற நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அங்கே பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குகிறார்கள். தரையில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டு. காலை ஊன்றாமல் அதைச் சுற்றி வந்தால்தான் லைசென்ஸ். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் தெரியும். யார் யார் காலை ஊன்றினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். உலகத்தில் இன்னமும் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதில் படுத்துக்கிடப்பவனுக்கு ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அதில் ஒரு பச்சைச் சுடிதார்க்காரி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கொஞ்சம் பருமன். பத்தொன்பது நாளாக வருகிறாள், பத்தொன்பது நாளும் இரண்டாவது வளைவில் இடது காலை ஊன்றிவிடுகிறாள். ஆரம்பத்தில் அவளைப் பார்த்து உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்தார். பத்தாவது நாளோ என்னவோ, சிரிப்பு நின்றுபோய், அவள் வளைவுக்கு வரும்போதெல்லாம் ஏளா ஊணாத, ஊணாத என்று தனக்குள் கத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் ஒரு தடவை ஊன்றாமல் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆவுடையப்பனுக்கு இந்த உலகத்தில் இப்போது இருக்கும் ஆசை அந்த ஒன்றுதான், அதற்காகத்தான் தினமும் இரண்டு மணி நேர வெயிலைக் கண்ணில் வாங்கிக்கொண்டு கிடக்கிறார்.

"மணி மூணே முக்கால் ஆயிட்டு, வாங்க, ரூமப் பாப்போம்" என்று பிரமு எழுந்தபோது வெயில் அறைக்குள் வந்து, தரையில் ஊர்ந்து, கட்டில் ஏறி, நெஞ்சு கழுத்து என்று வந்து அவர் கண்ணைத் தொட்டுவிட்டிருந்தது. சித்திரை மாதத்து மேற்கு வெயில். இமைகள் தன்னால் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன, பட்பட்டென்று, அவரைக் கேட்காமல். ஜெபசிங் "ஸார், வணக்கம்" என்றான். நல்ல மனுஷன். படுத்துக்கிடப்பவரைப் பார்த்து வணக்கம் சொல்ல எல்லாருக்கும் தோன்றுவதில்லை. பையிலிருந்து கையகலத் துண்டுகளை எடுத்துச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தான். "இது கறுப்பு. வெயிலு நல்லாக் குறையும், ஆனா பகல்லயே லைட்டு போடணும். இது சில்வர். வெளிய நிக்கிறவனுக்கு உள்ள தெரியாது, ஆனா எதுத்த வீட்டுக்காரன் என் வீட்டுக்குள்ள வெயிலத் திருப்பி விடுதியான்னு சண்டைக்கு வருவான், எனக்கு அனுபவம் இருக்கு. இந்தா இருக்குல்லாம்மா, இது நானோ. இருக்கதுல இதுதான் நல்லது. ஒட்டுனதே தெரியாது. சூடு உள்ள வராது, கூச்சம் பாதிக்கு மேல போயிரும், ஆனா வெளிய எல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஸார் மாதிரி படுத்திருக்கவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்." "அந்த வெள்ள?" என்றாள் பிரமு. "அது பாத்ரூமுக்கும்மா. பால் மாதிரி இருக்கும். வெளிச்சம் வரும், கூசாது, ஆனா வெளிய ஒண்ணுமே தெரியாது. அத விடுங்க." ஆவுடையப்பன் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். முடிவு செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இந்த வீட்டை வாங்கியது, சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்தது, சங்கரிக்கு மாப்பிள்ளை பார்த்தது, பிரமு தீபாவளிக்கு என்ன நிறப் புடவை கட்டுவது என்பதுவரை எதற்கும் அவருக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை. நானோ. ஒரு சிமிட்டல். பளிச்சென்று வெளியே, கூசாத கண், பச்சைச் சுடிதார்க்காரி. கேளு, சீக்கிரம் கேளு.

"என்னங்க, சங்கரி ஒங்கள்ட்ட கேட்டுத்தான் ஒட்டணும்னு சொல்லியிருக்கா. ஒவ்வொண்ணாக் காட்டுதேன்" என்று பிரமு குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள். காது நன்றாகக் கேட்கிறவரிடம் ஏன் உயர்த்த வேண்டும் என்று யோசித்தார், பிறகு அது ஜெபசிங்குக்காக என்று பட்டது. முதலில் கறுப்பு. வேண்டாம் என்று இரண்டு தடவை சிமிட்டப் போனார், இமை நாலைந்து தடவை அடித்துக்கொண்டது. "வேண்டாங்காக" என்றாள். சரி. சில்வர். மறுபடியும் பட்பட். "இதுவும் வேண்டாமாம்." அதுவும் சரி. அவர் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது நானோ. "குடுங்க, நானே பிடிச்சுக் காட்டுதேன்" என்று வாங்கி, குதிகாலை உயர்த்தி, மேல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். அவ்வளவு உயரத்தில் எதற்கு? அதன் நிழல் எங்கேயோ பின்னால் சுவரில் போய் விழுந்தது, வெயில் வெயிலாகவே கண்ணில் நின்றது. "இது வேணுமா?" ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. அவர் இமையை மூடினார், சரியாகத்தான் மூடினார், மூடிய வேகத்தில் அப்படியே வைத்திருந்து நிதானமாகத் திறந்தால் போதும். திறந்தார். திறந்த கண்ணில் சூரியன் ஊசி மாதிரி இறங்கியது. பட். மறுபடி பட். "ரெண்டு" என்றாள் பிரமு. இல்லையடி, அது நான் இல்லை, முதலில் மூடியதுதான் நான், மற்றது வெயில். "ஸாருக்குக் கண்ணு கூசுதோ என்னமோ, கொஞ்சம் மறைச்சுப் பிடிச்சுக் கேளுங்களேம்மா" என்றான் ஜெபசிங். ஐயா, நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை குட்டி நன்றாக இருக்க வேண்டும். "ஏழு மாசமா எங்கிட்ட இப்படித்தான பேசுதாக" என்றாள் பிரமு சிரித்துக்கொண்டே. "எனக்குத் தெரியாதா அவுக சம்மதம்? இன்னொரு தடவ வேணா கேக்கேன். என்னங்க, மனப்பூர்வமா சொல்லுதீயளா, இது வேண்டாமா?" கேள்வியையே புரட்டிப் போட்டுவிட்டாள். இப்போது ஆமாம் என்றால் வேண்டாம், இல்லை என்றால் வேண்டும், இரண்டு சிமிட்ட வேண்டும், இல்லை ஒன்றா, அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் கட்டி இமை ஒட்டிக்கொண்டது. "ஆமாங்காக" என்றாள்.

மனப்பூர்வமா. இவள் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது? அது வீட்டில் புழங்குகிற வார்த்தை இல்லை, ஆபீஸ் வார்த்தை. மேஜைக்கு அந்தப் பக்கம் முக்காடு போட்ட அக்காக்களும் தங்கச்சிகளும் வரிசையில் நிற்பார்கள், அப்பன் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க. அவர் தலையைத் தூக்காமல் "மனப்பூர்வமா எழுதிக் குடுக்கீங்களா?" என்பார். அவர்கள் தலை ஆடும். சிலது அழுகையில் ஆடும், சிலது பின்னால் நிற்கும் அண்ணன்காரனுக்குப் பயந்து ஆடும், அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு நாலு பத்திரம்கூடத் தாண்டாது. தலை ஆடினால் சம்மதம். அடுத்தது. ஆனால் பிரமு அவர் ஆபீசுக்கு வந்ததே இல்லையே. வரவில்லை. அம்பாசமுத்திரம் ஆபீசுக்கல்லவா போனாள். அதை நினைக்க வேண்டாம். வாய்க்கால் கரையில் அவள் பங்குக்குப் பன்னிரண்டு தென்னையும் ஒரு ஓட்டு வீடும், அவள் அப்பா செத்து மூன்று மாதம், மச்சினன் வீட்டில் விருந்து, வாழை இலையில் கை வைத்தபடியே "எங்களுக்கு எதுக்குடே அது, நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். பெருந்தன்மை. எல்லாரும் அசந்துபோனார்கள், அந்தப் பக்கத்தில் பத்து வருஷத்துக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. பிரமு அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட வண்டி வந்த அன்றுதான் அவளிடம் சொன்னார், சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அம்பாசமுத்திரத்துச் சார்பதிவாளர் இவருக்கு வேண்டியவன்தான், ஆனால் சட்டம் பேசுகிறவன், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "மனப்பூர்வமாத்தானம்மா?" அவள் பதில் சொல்லவில்லை. தலையும் ஆட்டவில்லை. கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிஷம் இருக்கும். குமாஸ்தாகூட எழுதுவதை நிறுத்திவிட்டான். அவர்தான் சிரித்துக்கொண்டே சமாளித்தார், "சம்மதம்தான் சார், பொம்பளல்லா, கூச்சப்படுதா." எழுதிக்கொண்டார்கள். வரும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதவள் மறந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? இருபத்தாறு வருஷம்.

"அப்ப இந்த வெள்ளையையும் காட்டிருதேன்" என்றாள் பிரமு. "அது பாத்ரூமுக்கும்மா" என்றான் ஜெபசிங் மறுபடியும். "இருக்கட்டும், கேக்கத்தான செய்யுதேன்." இந்தத் தடவை அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. கட்டிலுக்கு வந்தாள். வெயிலுக்கும் அவர் கண்ணுக்கும் நடுவில், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அந்தப் பால் துண்டை வாகாகப் பிடித்தாள். இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் நிழல் வந்தது. ஆவுடையப்பன் வேண்டாம் என்று இரண்டு சிமிட்டத் தயாராகத்தான் இருந்தார். சத்தியமாக இருந்தார். ஆனால் கால் மணி நேரமாக அடிபட்ட இமை, நிழல் பட்டதும், எஜமானனைக் கேட்காமல் இறங்கி மூடிக்கொண்டது. எவ்வளவு குளிர்ச்சி. ஐயோ, எவ்வளவு சுகம். அது கண்ணில் மட்டும் இல்லை, நெற்றிக்குள், பிடரிக்குள் போயிற்று. ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து அந்தச் சுகத்திலேயே கிடந்துவிட்டார், கிடந்துவிட்டுத் திறக்கும்போது பிரமு நிமிர்ந்துகொண்டிருந்தாள். "பாத்தீங்கல்லா? ஒரு தடவ. இதான் வேணுமாம்." ஜெபசிங் தலையைச் சொறிந்தான். "ஸாருக்கு இதான் சுகமா இருக்கும் போல" என்று ஏணியை எடுக்கப் போய்விட்டான். அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது. நானோவை மேலே பிடித்தாள். இதைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். காபி, முறுக்கு, மூட்டு வலி. வெயில் வருகிறவரைக்கும் அவனை உட்கார்த்தி வைத்தாள். இல்லை, இல்லை, இவளுக்கு எங்கே அவ்வளவு மூளை, பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியாமல் ஊதுகிறவள், மண்டு, முப்பத்துநாலு வருஷமாக அவர் வாயாலேயே சொல்லி ஊரே ஒத்துக்கொண்ட மண்டு. தெரியாமல்தான் செய்கிறாள். தெரியாமல் செய்தால் பரவாயில்லை, மண்டுப் பெண்டாட்டியோடு குப்பை கொட்டத் தெரியாதவரா அவர். தெரிந்து செய்தால்? தெரிந்து செய்தால் முந்தாநாள் காதுக்குள் எறும்பு ஊர்ந்தபோது, ஏதாவது செய்யுதா என்று கேட்டுவிட்டு, அவர் சிமிட்டுவதற்குள் அடுப்படிக்குப் போனாளே, அது? குழாயில் ஊற்றும் கஞ்சி சில நாள் மட்டும் சூடாக இறங்குகிறதே, அது? மின்விசிறி? கொசு? ஏழு மாதத்தில் தற்செயல் என்று அவர் தள்ளிவிட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. பயம் வயிற்றிலிருந்துதான் கிளம்பும் என்பார்கள், அவருக்கு வயிறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

ஜெபசிங் நல்ல வேலைக்காரன். கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்தான், பிலிமை விரித்து மேலே பிடித்தான், ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்துத் தண்ணீரை வெளியே தள்ளினான். மேலிருந்து கீழே. முதலில் வானம் போயிற்று. அதில் பார்க்க ஒன்றும் இல்லை, போகட்டும். அப்புறம் செல்போன் டவர். அப்புறம் மனைக்குப் பின்னால் உள்ள வீட்டு மொட்டைமாடியில் காயும் துணி. வெயில் மங்கி மங்கி அறை பால் நிறமாகிக்கொண்டே வந்தது, கூசவில்லை, கண் இப்போது நன்றாகத் திறந்திருந்தது, நன்றாகத் திறந்த கண்ணால் அவர் மிச்சமிருந்த கீழ்ப்பகுதியைப் பார்த்தார். காலி மனை. ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. பச்சைச் சுடிதார் முதல் வளைவில் இருக்கிறாள். கொஞ்சம் பொறுடா, ஜெபசிங்கு, ஒரே நிமிஷம், உனக்குப் புண்ணியமாகப் போகும். அவள் வளைவை முடித்தாள், நேராக வந்தாள், முகத்தில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை, ஆனால் முதுகு விறைத்திருப்பது தெரிந்தது, ஊணாத, ஏளா, ஊணாத, இரண்டாவது வளைவில் வண்டி சாய்ந்தது, இடது கால் பலகையிலிருந்து எழுந்தது. ரப்பர் பட்டை சர்ரென்று இறங்கியது. எழுந்த கால் தரையைத் தொட்டதா, திரும்பவும் பலகைக்கே போனதா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. ஜெபசிங் குனிந்து ஓரத்தைப் பிளேடால் நறுக்கினான். ஒரு குமிழிகூட இல்லை.

அவனை அனுப்பிவிட்டு வந்த பிரமு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் முந்தானையால் அவர் கண்ணோரத்தில் வடிந்திருந்த நீரைத் துடைத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள். அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கை இருப்பது அவருக்குப் பார்த்தால்தான் தெரியும். வெளியே ஜெபசிங் ஏணியோடு படி இறங்கிக்கொண்டிருந்தான், ஏணி சுவரில் இடிக்கிற சத்தம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கேட்டது. லிப்ட் வேலை செய்யாத வீட்டில் மூன்று மாடி இறங்குவது லேசு இல்லை. "இப்ப கூசல்ல, என்ன?" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது, இந்தக் குரலை அவர் எந்தக் காலத்தில் கேட்டார் என்று ஞாபகம் வரவில்லை. "இப்பச் சொல்லுங்க. இது பிடிச்சிருக்கா?" ஆவுடையப்பன் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் இமைக்குக் கொண்டுவந்தார். மூடினார், திறந்தார். நிறுத்தினார். மறுபடியும் மூடினார், திறந்தார். வெயில் இல்லை, நீர் இல்லை, நடுக்கம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பிரமு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு" என்றாள். "பிடிக்கலங்கீய. எனக்கு நல்லாத் தெரியுது." அவர் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. புரிந்துவிட்டது. மண்டு இல்லை இவள், என் பெண்டாட்டி, என் ராசாத்தி, எல்லாம் புரிந்துவிட்டது, கூப்பிடு அவனை. "அன்னா, ரெண்டாவது மாடியில எறங்குதான்" என்றாள் பிரமு, காதைச் சாய்த்து. "ஒரு சத்தம் குடுத்தா வந்துருவான். பையில அந்த நானோ ரோலுகூட வச்சிருந்தான்." அவர் சிமிட்டினார். ஒரு தடவை. ஆமாம். இன்னொரு முறை, ஒரே ஒரு தடவை. ஆமாம், ஆமாம். அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். ஏணி முதல் மாடியில் இடித்தது. கேட் கிறீச்சிட்டது. கீழே ஜெபசிங் வண்டியை உதைத்தான், முதல் உதைக்குக் கிளம்பவில்லை, இரண்டாவது உதைக்கும் கிளம்பவில்லை, மூன்றாவதற்குக் கிளம்பிற்று. அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைகிறவரைக்கும் பிரமு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.